அறிவிப்பு வேண்டாம், விதி வேண்டும்

(ஈப்போவில் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர்கள், பள்ளி வாரியப் பொறுப்பாளர்கள் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு ஏற்பச் சில இடங்கள் விரிவாக்கப்பட்டுள்ளன.)



பேராக் மாநிலத்தில் 134 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. நாட்டிலேயே அதிகமான தமிழ்ப்பள்ளிகள் நம் மாநிலத்தில்தான். இவற்றில் பெரும்பாலானவை ரப்பர் தோட்டங்களில் பிறந்த பள்ளிகள். தோட்டம் போய்விட்டது. பால்மரம் போய் செம்பனை வந்தது. செம்பனையும் போய் சில இடங்களில் வீடமைப்பு வந்தது. லயத்தில் இருந்தவர்கள் புந்தோங்குக்கும் சுங்கை சிப்புட்டுக்கும் தெலுக் இந்தானுக்கும் குடிபெயர்ந்தார்கள். பள்ளி மட்டும் சில இடங்களில் இன்னும் பழைய இடத்திலேயே நிற்கிறது.

இந்தப் பள்ளிகளுக்கு அரசாங்கப் பணம் எந்த அடிப்படையில் வருகிறது, இங்கிருந்து மேலே போகும் பிள்ளைக்கு உயர்கல்வி இடம் எந்த அடிப்படையில் கிடைக்கிறது என்ற இரண்டு கேள்விகளைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நமக்கு வருவதெல்லாம் அறிவிப்பாக வருகிறது. நமக்குத் தேவையானது விதி. அறிவிப்பு தேர்தலோடு வரும், அமைச்சரோடு போகும். விதி என்றால் யார் ஆட்சிக்கு வந்தாலும் அது நிற்கும், மீறினால் கேள்வி கேட்கலாம்.

கேட்கலாமா?

பலர் என்னிடம் தணிந்த குரலில் கேட்பது இதுதான்: "லாயர், இதையெல்லாம் பேசலாமா? 153-ஐத் தொட்டால் உள்ளே போட்டுவிடுவார்களே?"

பயம் நியாயமானது. 1948-ஆம் ஆண்டு தேச நிந்தனைச் சட்டம் 1969 மே கலவரத்துக்குப் பிறகு கடுமையாக்கப்பட்டது. கூட்டரசு அரசியல் சட்டத்தின் 153-ஆவது பிரிவு காக்கும் சிறப்பு நிலையைக் கேள்வி கேட்பது குற்றம். ஆனால் அதே சட்டத்தையும் அரசியல் சட்டத்தின் 10(4)-ஐயும் முழுதாகப் படியுங்கள். ஒரு விதிவிலக்கு இருக்கிறது. அந்தச் சிறப்பு நிலை இருக்க வேண்டுமா என்று கேட்கத்தான் தடை. அது எப்படி நடைமுறைப்படுத்தப்படுகிறது என்று கேட்பதற்கு இடம் உண்டு. நாம் கேட்பது நடைமுறையைப் பற்றி. எத்தனை இடம், யாருக்குப் போனது, எந்தக் கணக்கில் போனது என்று கேட்க நமக்கு உரிமை உண்டு.

153-ஆவது பிரிவையே எடுத்துக்கொள்வோம். அதன் முதல் உட்பிரிவு மாமன்னருக்கு இரண்டு பொறுப்புகளைத் தருகிறது. மலாய்க்காரர்கள், சபா சரவாக் பூர்வ குடியினர் ஆகியோரின் சிறப்பு நிலையைக் காப்பது ஒன்று. மற்ற சமூகங்களின் நியாயமான நலன்களைக் காப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்கின்றன. முதல் பாதியைச் சொல்லிவிட்டு இரண்டாம் பாதியை விழுங்கிவிடுகிறார்கள். நாமும் கேட்டுக்கொண்டு வந்துவிடுகிறோம்.

1971-ல் சேர்க்கப்பட்ட 153(8A), உயர்கல்விக் கூடங்களில் இடம் ஒதுக்க வழி செய்தது. அது எஸ்.பி.எம். தகுதிக்குப் பிந்தைய கல்விக்கு. தகுதி பெற்றவர்களைவிட இடங்கள் குறைவாக இருக்கும் நிலைக்கு. அதுவும் 'நியாயமான' விகிதத்தில். ஆரம்பப் பள்ளியைப் பற்றி அதில் எதுவும் இல்லை. ஆறு வயது ஏழு வயதுப் பிள்ளையின் வகுப்பறைக்கு அங்கே ஒதுக்கீடு கிடையாது.

ஆரம்பப் பள்ளிக்கு வந்தால் 8-ஆவது பிரிவும் 12-ஆவது பிரிவும்தான் பேசுகின்றன. அரசாங்கம் நடத்தும் கல்விக்கூடத்தின் நிர்வாகத்திலோ, மாணவர்களின் பராமரிப்புக்கும் கல்விக்கும் பொதுப் பணத்திலிருந்து தரும் நிதியுதவியிலோ, சமயம், இனம், வம்சாவளி, பிறப்பிடம் ஆகியவற்றை மட்டும் காரணமாக வைத்துப் பாகுபாடு கூடாது என்கிறது 12(1). கட்டட மானியம் இதற்குள் வருமா என்று நீதிமன்றத்தில் வாதம் நடக்கலாம். ஆனால் சட்டத்தின் நோக்கம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை.

தமிழ்மொழி வழிப் பள்ளி இருப்பதே சட்டத்துக்குப் புறம்பு என்று வழக்குப் போட்டவர்களும் உண்டு. 2021 டிசம்பரில் கோலாலம்பூர் உயர் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. 2023 நவம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் தாய்மொழிப் பள்ளிகள் அரசியல் சட்டத்துக்கு உட்பட்டவையே என்று தீர்ப்பளித்தது. இருக்கும் உரிமை உறுதியானது. வாழும் வசதிதான் உறுதியாகவில்லை.

நிலம் யாருடையது?

தோட்டப் பள்ளி எப்படி வந்தது? 1923-ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடமை விதித்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் பள்ளி நடத்த வேண்டும். நிர்வாகம் ஒரு கொட்டகையைப் போட்டது. சில இடங்களில் கங்காணியோ கிராணியோ பாடம் நடத்தினார். கொட்டகை நின்ற நிலம் தோட்டக் கம்பெனியின் நிலம்.

1957-ல் கல்விச் சட்டம் வந்தது. இந்தப் பள்ளிகள் தேசியக் கல்வி முறைக்குள் வந்தன. ஆசிரியர் சம்பளம், பாடத்திட்டம், தேர்வு எல்லாம் அரசாங்கத்தின் கைக்குப் போயின. நிலம் மட்டும் கம்பெனியின் கையிலேயே இருந்தது.

இங்கிருந்துதான் 'முழு உதவி பெறும் பள்ளி', 'பகுதி உதவி பெறும் பள்ளி' என்ற பிரிவு வந்தது. நிலம் அரசாங்கத்துக்குச் சொந்தமானால் முழு உதவி. நிலம் தோட்டத்துக்கோ தனியாருக்கோ சொந்தமானால் பகுதி உதவி. பகுதி உதவி என்றால் ஆசிரியர் சம்பளம் வரும்; புதுக் கட்டடம் வேண்டுமென்றால் பெற்றோர் ஆசிரியர் சங்கம் நன்கொடைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டும். நாட்டிலுள்ள தமிழ்ப்பள்ளிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு இந்தப் பகுதி உதவிக் கணக்கில் இருப்பவை.

1996-ஆம் ஆண்டு கல்விச் சட்டத்தைத் திறந்து பாருங்கள். 28-ஆவது பிரிவு, அமைச்சர் தேசியப் பள்ளிகளையும் தேசிய வகைப் பள்ளிகளையும் அமைக்கலாம், அவற்றைப் பராமரிக்க வேண்டும் என்கிறது. 'அமைக்கலாம்' என்பது விருப்பம். 'பராமரிக்க வேண்டும்' என்பது கடமை. அரசாங்க உதவி பெறும் கல்விக்கூடம் எது என்பதற்கும் அந்தச் சட்டம் விளக்கம் தருகிறது: மூலதன மானியமும் முழு உதவி மானியமும் பெறுவது. மூலதன மானியம் என்றால் கட்டடத்துக்கும் தளவாடத்துக்கும் தரும் பணம். அப்படியிருக்க, பாதி உதவி என்ற நடைமுறையில் நம் பிள்ளைகளை அறுபது ஆண்டுக்கும் மேலாக வைத்திருப்பதன் நியாயம் என்ன?

தோட்டக்காரன் நிலத்தை வைத்திருக்கிறான் என்பதற்காகப் பிள்ளையின் வகுப்பறைக்குப் பணம் இல்லை. அந்தப் பிள்ளையின் பாட்டனும் பாட்டியும் அதே நிலத்தில்தான் விடியற்காலையில் பால் வெட்டினார்கள்.

நிலத்தைப் பெற்றுத்தாருங்கள் என்று போனால் என்ன நடக்கிறது? அரசியல் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணைப்படி கல்வி கூட்டரசின் அதிகாரம். நிலம் மாநிலத்தின் அதிகாரம். புத்ராஜெயாவுக்குப் போனால் "நிலம் மாநிலத்தின் விவகாரம்" என்பார்கள். மாநில அரசிடம் போனால் "பள்ளி கல்வியமைச்சின் விவகாரம்" என்பார்கள். இரண்டு பதிலும் சட்டப்படி சரி. இரண்டுக்கும் நடுவில் பள்ளியின் கூரை ஒழுகுகிறது.

வழி இல்லாமல் இல்லை. 1960-ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவின்படி பொது நோக்கத்துக்காக மாநில அரசு தனியார் நிலத்தை இழப்பீடு கொடுத்து எடுக்கலாம். நெடுஞ்சாலைக்கு எடுக்கிறார்கள், தொழிற்பேட்டைக்கு எடுக்கிறார்கள். இரண்டு மூன்று ஏக்கர் பள்ளி நிலம் பொது நோக்கம் இல்லை என்று யார் சொல்ல முடியும்?

கணக்கு என்ன சொல்கிறது?

பணத்துக்கு வருவோம். ஏழாவது மலேசியத் திட்டத்தில், 1996 முதல் 2000 வரை, ஆரம்பப் பள்ளிகளின் மேம்பாட்டுக்கு ஒதுக்கிய நிதியில் தேசியப் பள்ளிகளுக்கு 96.5 விழுக்காடு போனது. சீனப்பள்ளிகளுக்கு 2.4 விழுக்காடு. தமிழ்ப்பள்ளிகளுக்கு ஏறத்தாழ 1 விழுக்காடு. அப்போது ஆரம்பப் பள்ளி மாணவர்களில் ஏறத்தாழ 75 விழுக்காட்டினர் தேசியப் பள்ளியிலும், 21 விழுக்காட்டினர் சீனப்பள்ளியிலும், 3 விழுக்காட்டுக்குச் சற்று மேலானோர் தமிழ்ப்பள்ளியிலும் இருந்தார்கள்.

ஒன்பதாவது திட்டத்தில், 2006 முதல் 2010 வரை, பங்கு 95.06, 3.60, 1.34 என்று இருந்தது. தமிழ்ப்பள்ளிக்கு ஒதுக்கியது 6 கோடியே 48 லட்சம் ரிங்கிட். அந்தக் காலத்தில் இருந்த 523 தமிழ்ப்பள்ளிகளுக்குப் பிரித்துப் பாருங்கள். ஐந்து ஆண்டுக்குப் பள்ளி ஒன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சத்து 24 ஆயிரம் ரிங்கிட். ஒரு கட்டடத்துக்கு அடித்தளம் போடுவதற்குள் தீர்ந்துவிடும் பணம்.

எதிர்த் தரப்பு வாதத்தையும் நியாயமாகப் பார்ப்போம். "புதிய வீடமைப்புப் பகுதிகளில் புதிதாகப் பள்ளி கட்ட வேண்டியிருந்தது. அவை தேசியப் பள்ளிகள். அதனால் செலவு அதிகம்" என்பார்கள். உண்மைதான். ஆனால் அந்தப் புதிய வீடமைப்புப் பகுதிகளில் யார் குடியேறினார்கள்? தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் மக்களும்தானே? அங்கே தமிழ்ப்பள்ளிக்கு ஏன் நிலம் ஒதுக்கவில்லை என்பதுதான் அடுத்த கேள்வி. பிள்ளை நகரத்தில், பள்ளி தோட்டத்தில். மாணவர் எண்ணிக்கை குறைகிறது. 150-க்குக் கீழே போனால் 'குறைந்த மாணவர் பள்ளி' என்ற பெயர். பிறகு, "பிள்ளைகளே இல்லாத பள்ளிக்கு எதற்குப் பணம்?" என்ற கேள்வி. நோயை வரவைத்துவிட்டு நோயாளியைக் குறை சொல்வது போன்றது இது.

2008 பொதுத் தேர்தலுக்குப் பிறகு நிலைமை ஓரளவு மாறியது. மறுக்கவில்லை. 2007 நவம்பர் 25-ல் கோலாலம்பூர் சாலையில் திரண்ட கூட்டம் அதற்கு ஒரு காரணம் என்பதை யாரும் மறுக்க முடியாது. 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளுக்கு 10 கோடி ரிங்கிட் அறிவிக்கப்பட்டது. இங்கே பேராக்கிலும் 134 தமிழ்ப்பள்ளிகளின் நலனுக்கென்று மாநில அரசு 2,000 ஏக்கர் நிலம் ஒதுக்கியது. நல்லதுதான். ஆனால் எதிலும் ஓர் ஆண்டின் அறிவிப்பு அடுத்த ஆண்டைக் கட்டுப்படுத்தவில்லை. எந்தப் பள்ளிக்கு எவ்வளவு, எந்த அளவுகோலில் என்று ஈப்போவில் இருக்கும் ஒரு பெற்றோர் தானே பார்த்துத் தெரிந்துகொள்ள ஒரு பட்டியல் வேண்டும். பட்டியல் இல்லாத இடத்தில் நன்றி சொல்லும் மேடைதான் மிஞ்சும்.

கோப்பேங் எவ்வளவு தூரம்?

இப்போது இரண்டாவது கேள்வி. ஈப்போவிலிருந்து தெற்கே அரை மணி நேரம் போனால் கோப்பேங். அங்கே பேராக் மெட்ரிகுலேசன் கல்லூரி இருக்கிறது. அரசாங்கப் பணத்தில் நடக்கும் கல்லூரி. தங்குமிடமும் உதவித்தொகையும் உண்டு. ஒரே ஆண்டில் முடித்துவிட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கலாம். நம் பிள்ளைகளில் பலருக்கு அந்த அரை மணி நேரப் பயணம் கிடைப்பதில்லை. அவர்கள் எஸ்.டி.பி.எம். படிக்கிறார்கள். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டு, நாடு முழுவதற்கும் ஒரே பொதுத் தேர்வு.

2002-ல் பல்கலைக்கழக நுழைவில் இன ஒதுக்கீடு நீக்கப்பட்டது, இனி தகுதி முறை என்றார்கள். ஆனால் தகுதியை அளக்க இரண்டு கோல்கள். மெட்ரிகுலேசன் மதிப்பெண்ணும் எஸ்.டி.பி.எம். மதிப்பெண்ணும் ஒன்றுக்கொன்று சமம் என்று வைத்துக்கொண்டார்கள். மெட்ரிகுலேசனிலோ 90 விழுக்காடு பூமிபுத்ராக்களுக்கு, 10 விழுக்காடு மற்ற எல்லாருக்கும். ஒதுக்கீடு வாசலிலிருந்து எடுக்கப்பட்டு வாசலுக்கு முந்திய படியில் வைக்கப்பட்டது. அவ்வளவுதான்.

அறிவிப்புகளின் வரலாறு இங்கும் உண்டு. 2012-ல் இந்திய மாணவர்களுக்கு 1,500 மெட்ரிகுலேசன் இடங்கள் என்று அறிவித்தார்கள். அத்தனை இடமும் உண்மையில் நிரம்பினவா என்று நாடாளுமன்றத்திலேயே கேள்வி எழுந்தது. 2019-ல் மொத்த இடங்களை 25,000-லிருந்து 40,000-ஆக உயர்த்த அமைச்சரவை முடிவு செய்தது. 90க்கு 10 விகிதம் அப்படியே இருந்தது. 2024-ல் எஸ்.பி.எம். தேர்வில் 10 ஏ-யோ அதற்கு மேலோ பெற்ற எல்லா மாணவர்களுக்கும் இன வேறுபாடின்றி இடம் உறுதி என்றார் பிரதமர் அன்வார் இப்ராஹிம். மகிழ்ச்சி. அடுத்த ஆண்டே 'ஏ மைனஸ்' அந்தக் கணக்கில் சேராது என்று விளக்கம் வந்தது. பிள்ளை தேர்வு எழுதியபோது ஒரு நம்பிக்கை, முடிவு வந்தபோது வேறு கணக்கு. அறிவிப்புக்கும் விதிக்கும் உள்ள வேறுபாடு இதுதான்.

இன்னொன்றையும் யோசியுங்கள். 10 ஏ எடுக்கும் பிள்ளை எப்படியும் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும். 6 ஏ, 7 ஏ எடுத்த பிள்ளை? அப்பா லாரி ஓட்டுகிறார், அம்மா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை, டியூசனுக்கு வழியில்லை. அந்த நிலையில் 7 ஏ எடுத்த பிள்ளையின் உழைப்பு, ஊக்கமும் வசதியும் நிறைந்த வீட்டில் 10 ஏ எடுத்த பிள்ளையின் உழைப்புக்குக் குறைந்ததா? கம்பாரில் தனியார் பல்கலைக்கழகம் இருக்கிறது, பி.டி.பி.டி.என். கடன் இருக்கிறது என்பார்கள். ஆம், இருக்கிறது. ஆனால் ஒருவன் உதவித்தொகையோடு படித்து வெளியே வருகிறான், மற்றொருவன் கடனோடு வெளியே வருகிறான். முதல் சம்பளத்திலேயே ஏற்றத்தாழ்வு தொடங்கிவிடுகிறது.

யாரிடமிருந்தும் பறிக்க அல்ல

நாம் மலாய்ப் பிள்ளையின் கையிலிருந்து எதையும் பிடுங்கக் கேட்கவில்லை. கிரிக், லெங்கோங் பக்கத்துக் கம்பத்தில் ஏழை மலாய்ப் பிள்ளை இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு உதவி வேண்டும். சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே போனால் தெமியார் மக்களின் கிராமங்கள். தீபகற்பத்தின் ஆதி குடிகளான ஓராங் அஸ்லி மக்களின் பெயர் 153-ஆவது பிரிவில் இல்லை என்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? மண்ணின் முதல் மக்களுக்கே அந்தப் பிரிவில் இடமில்லை. ஆகவே பிரச்சினை ஓர் இனத்துக்கும் இன்னோர் இனத்துக்கும் நடுவில் இல்லை. தேவையை அளக்காத ஒரு முறைக்கும் தேவையுள்ள எல்லாப் பிள்ளைகளுக்கும் நடுவில் இருக்கிறது.

1971-ல் வந்த இரண்டாம் மலேசியத் திட்டத்தில் புதிய பொருளாதாரக் கொள்கையின் முதல் நோக்கமே இன வேறுபாடின்றி வறுமையை ஒழிப்பதுதான். நாம் புதிதாக எதையும் கேட்கவில்லை. எழுதி வைத்ததைச் செய்யச் சொல்கிறோம்.

தேவையை அளக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு ஓர் உதாரணம். தமிழ்நாட்டில் 'நீட்' தேர்வு வந்த பிறகு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவக் கல்லூரி எட்டாக்கனியானது. 2020-ல் தமிழக அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. அரசுப் பள்ளியில் படித்துத் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு. என்ன சாதி என்று பார்ப்பதோடு நிற்காமல், எந்தப் பள்ளியிலிருந்து வருகிறாய் என்றும் பார்த்தது. 2022-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்றது. அமைச்சர் மாறினாலும் அடுத்த ஆண்டு சேர்க்கையில் அது இருக்கும், ஏனென்றால் அது சட்டம். அந்த வழியை இங்கே நமக்கு ஏற்ப ஏன் யோசிக்கக்கூடாது? குறைந்த வருமானக் குடும்பம், உட்புறப் பள்ளி, தோட்டப் பள்ளி என்ற அளவுகோலில் மலாய்ப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் ஓராங் அஸ்லி பிள்ளையும் ஒன்றாக நிற்பார்கள்.

நாம் கேட்பது

ஒன்று: பேராக்கிலுள்ள பகுதி உதவிப் பள்ளிகள் ஒவ்வொன்றின் நில நிலவரமும் வெளியிடப்பட வேண்டும். கால வரம்பு வைத்து, மாநில அரசும் கல்வியமைச்சும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த நிலங்களைப் பள்ளிக்கென்று பதிவு செய்ய வேண்டும். அதுவரை நிலத்தைக் காரணம் காட்டிக் கட்டட மானியத்தை நிறுத்தக்கூடாது.

இரண்டு: மேம்பாட்டு நிதிக்கு ஒரு சூத்திரம் வேண்டும். மாணவர் எண்ணிக்கை, கட்டடத்தின் நிலை, குடும்ப வருமானம் மூன்றையும் சேர்த்துக் கணக்கிட்டு, எல்லா மொழிப் பள்ளிக்கும் அதே சூத்திரத்தைப் பயன்படுத்த வேண்டும். 2026 முதல் 2030 வரையிலான 13-ஆவது மலேசியத் திட்டக் காலத்திலேயே இது தொடங்கப்பட வேண்டும்.

மூன்று: மெட்ரிகுலேசனுக்கு விண்ணப்பித்தவர், இடம் பெற்றவர், உண்மையில் பதிந்தவர் என்ற மூன்று எண்ணிக்கையும் இனவாரியாகவும் வருமானவாரியாகவும் ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். 153(8A) சொல்லும் 'நியாயமான' விகிதம் எது என்பதை எண்ணிக்கை இல்லாமல் எப்படி முடிவு செய்வது?

நான்கு: பல்கலைக்கழக நுழைவுக்கு ஒரே அளவுகோல். இரண்டு வழி இருக்கட்டும். இறுதியில் அளக்கும் கோல் ஒன்றாக இருக்கட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

இந்த உரையைப் படித்துவிட்டு "நன்றாகச் சொன்னார்" என்று மூடிவிடாதீர்கள். உங்கள் பள்ளியின் நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? நில அலுவலகத்தில் சிறு கட்டணம் செலுத்தினால் தேடித் தருவார்கள். பள்ளி வாரியம் அந்தத் தாளை எடுத்து வைக்கட்டும். கட்டட மானியத்துக்கு எழுதிய கடிதங்கள், வந்த பதில்கள், வராத பதில்களின் தேதிகள், எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேருங்கள். நம் சமுதாயத்தின் பெரிய பலவீனம் பேச்சு நிறைய, தாள் குறைவு.

மெட்ரிகுலேசன் மறுக்கப்பட்ட பிள்ளையின் பெற்றோர் தேர்வு முடிவு, விண்ணப்பம், மறுப்புக் கடிதம் மூன்றையும் நகலெடுத்து வையுங்கள். மேல்முறையீட்டுக்குக் கொடுக்கும் நாட்கள் குறைவு. அதைத் தவற விடாதீர்கள். மேல்முறையீடு செய்தவர்களின் எண்ணிக்கைதான் நாளைக்கு நாடாளுமன்ற உறுப்பினர் எழுந்து கேட்கும் கேள்விக்கு ஆதாரம்.

ஈப்போவுக்கு இது புதிதல்ல. டி.ஆர். சீனிவாசகமும் எஸ்.பி. சீனிவாசகமும் இந்த ஊரின் வழக்கறிஞர்கள். நீதிமன்றத்தில் ஏழைக்காகப் பேசிய அதே குரலில் நாடாளுமன்றத்திலும் பேசினார்கள். இன்று டி.ஆர். பெயரில் நகரின் நடுவில் பூங்கா இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஊஞ்சலாட அழைத்துப் போகும்போது அவர் யார் என்றும் சொல்லிக்கொடுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது ஒவ்வொரு பள்ளி வாரியமும் நிலத் தேடல் தாளோடு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். 134 பள்ளிக்கும் 134 தாள். அதைத்தான் மந்திரி புசாரின் மேசையில் வைக்கப் போகிறோம்.